நூறு மணிக்குப் பத்து மணி லாபம்

மில் கேட்டைத் தாண்டி ரோட்டுக்கு வந்தபோது பிற்பகல் மூன்று மணி இருக்கும். கிணத்துக்கடவு பஸ் நிறுத்தத்துக்கு அங்கிருந்து இரண்டு கிலோமீட்டர் நடக்க வேண்டும். மற்ற நாட்களில் மில் வண்டி ஏதாவது ஒன்று கொண்டுபோய் விடும். அன்றைக்கு யாரும் கேட்கவில்லை, நானும் நிற்கவில்லை. தோளில் லேப்டாப் பை, வாயில் காப்பிக் கசப்பு. பதினோரு வருடம் வேலை பார்த்த இடம். இனிமேல் வரவேண்டாம் என்று யாரும் என்னிடம் சொல்லவில்லை. எங்கள் பக்கம் அதையெல்லாம் முகத்துக்கு நேரே சொல்ல மாட்டார்கள். “காப்பி குடிச்சுட்டுப் போங்க” என்பார்கள். அதை எந்தக் குரலில் சொல்கிறார்கள் என்பதை வைத்து நாம்தான் புரிந்துகொள்ள வேண்டும்.

நடந்துகொண்டே மனதுக்குள் எண்ணிப் பார்த்தேன். இந்த எண்ணெய் மில், முதலாளியின் மைத்துனர் பொள்ளாச்சியில் வைத்திருக்கும் கொப்பரைக் களம், தம்பியின் நார் மில், சம்பந்தியின் தேங்காய் மண்டி. நான்கு இடங்களுக்கும் கணக்கு, பில், இருப்பு எல்லாவற்றுக்கும் சாஃப்ட்வேர் எழுதிக் கொடுத்துப் பராமரிப்பவன் நான். என் மொத்தப் பிழைப்பும் இந்த நான்கில்தான். நான்கும் ஒரே மனிதரின் வாய்ச்சொல்லில் கிடைத்தவை. அதே வாய் சாயங்காலத்துக்குள் நான்கையும் மூடிவிடும் என்று எனக்குத் தெரியும்.

இதை இப்போது எழுதுவதற்குக் காரணம் இந்தக் காலத்துப் பையன்களும் பெண்களும்தான். கழுத்து எலும்பு தேய்ந்து, வேலையை விட்டு மூன்று வருடம் ஆகிறது. ஆனாலும் வாரத்துக்கு ஒருவராவது போனில் கூப்பிட்டு, “அண்ணா, சொந்தமா வேலை எடுத்துப் பண்ணலாம்னு இருக்கேன், மணிக்கு எவ்வளவு கேக்கறது?” என்கிறார்கள். பத்து மணி நேரம் பிடித்த வேலையை இப்போது ஏஐ பத்து நிமிடத்தில் எழுதித் தந்துவிடுகிறதாம், அந்தப் பத்து நிமிடத்துக்கு என்ன விலை போடுவது என்று ஒரு புதுக் கவலை வேறு. இவர்களுக்கு வேண்டியது ஓர் எண். இணையத்தில் அதற்கென்று கணக்குப் பெட்டிகள் இருக்கின்றன. வருடத்துக்கு எவ்வளவு சம்பாதிக்க ஆசை என்று போட்டால் அது ஓர் எண்ணைத் துப்பும். அந்த எண்ணை எடுத்துக்கொண்டு தேங்காய் மண்டியில் போய் நின்று சொல்லிப் பாருங்கள். உங்களுக்கும் காப்பி கிடைக்கும்.

நான் படித்தது ஒன்பதாம் வகுப்பு வரை. பத்தாம் வகுப்பில் கணக்கில் இரண்டு தடவை தோற்று, மூன்றாம் தடவை பரீட்சைக்குப் போகாமல் திருப்பூர் பஸ் ஏறினேன். பனியன் கம்பெனியில் எட்டு மாதம், லாரியில் கிளீனராக ஒன்றரை வருடம், பெங்களூரில் ஒரு லாட்ஜில் படுக்கை மாற்றும் வேலை கொஞ்ச நாள். இடையில் மூன்று வாரம் போத்தனூர் ஜங்ஷன் பிளாட்பாரத்தில் படுத்திருக்கிறேன். அதில் சொல்ல ஒன்றுமில்லை. தண்ணீர்க் குழாய் இருந்தது, மழை பெய்யவில்லை. பிறகு காந்திபுரத்தில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் கூட்டிப் பெருக்கும் வேலை. வகுப்பு முடிந்ததும் பையன்கள் கரும்பலகையில் விட்டுப்போனதை அழிப்பதற்கு முன்னால் அப்படியே கம்ப்யூட்டரில் அடித்துப் பார்ப்பேன். ஓடினால் ஏன் ஓடியது, ஓடாவிட்டால் ஏன் ஓடவில்லை. இரண்டு வருடம் அப்படிப் போனது. அங்கே பீஸ் கட்டிப் படித்தவர்களில் பாதிப் பேர் இன்று இன்சூரன்ஸ் விற்கிறார்கள்.

முதல் தனி வேலை கணபதியில் ஒரு லேத் பட்டறைக்கு. ஜாப் ஒர்க் செய்யும் இடம். மோட்டார் கம்பெனிகள் இரும்பை அனுப்பும், இவர்கள் கடைந்து திருப்பி அனுப்புவார்கள். எந்த மெஷினில் எந்த ஜாப் எவ்வளவு நேரம் ஓடியது என்று பதிவு செய்ய ஒரு புரோகிராம் கேட்டார்கள். அங்கேதான் மணிக்கூலி என்றால் என்ன என்று பார்த்தேன். அந்த முதலாளி சுவரில் ஒரு சிலேட் மாட்டி வைத்திருந்தார். ஒவ்வொரு மெஷினுக்கும் மணிக்கு இவ்வளவு. அந்த ஒரு எண்ணுக்குள் மெஷின் வாங்கிய கடனின் தவணை இருந்தது, கரண்ட் இருந்தது, தேயும் டூல் இருந்தது, வேலை இல்லாமல் மெஷின் சும்மா நிற்கும் நாட்கள் இருந்தன. ஜாப்பை மெஷினில் கட்டிச் சரிபார்க்கும் நேரத்துக்குத் தனிக் காசு. மெஷின் ஒரு சுற்றுச் சுற்றுவதற்கு முன்னாலேயே ஒரு மணி நேரம் பில்லில் ஏறிவிடும். இவ்வளவு கணக்குத் தெரிந்த மனிதர் என்னிடம் என்ன சொன்னார் தெரியுமா? “உங்களுக்கு என்னங்க செலவு? சும்மா உக்காந்து தட்டறதுதானுங்களே.”

அவரைக் குறை சொல்லி என்ன பயன்? நானே அப்படித்தான் நினைத்தேன். பட்டறையில் ஒரு ஃபிட்டருக்கு நாள் சம்பளம் என்ன என்று கேட்டு, எட்டால் வகுத்து, என் மணிக்கூலியாகச் சொன்னேன். பெரிய அறிவு. ஃபிட்டருக்கு மாதம் இருபத்தாறு நாள் வேலை உண்டு. பி.எஃப். உண்டு. மெஷின் அவனுடையது அல்ல. எனக்கு மாதத்தில் பதினைந்து நாள் வேலை இருந்தால் அது நல்ல மாதம். அந்தப் பதினைந்து நாளிலும் பஸ்ஸில் போய், முதலாளி சாப்பிட்டுக் கை கழுவி வரும்வரை உட்கார்ந்து, அவர் சொந்தக்காரர் ஒருவருடைய ஜாதகப் பேச்சு முடியும்வரை காத்திருந்து, உண்மையில் வேலை செய்வது நான்கு மணி நேரம். கேட்கிறவர்களுக்கு இதைத்தான் முதலில் சொல்வேன். ஒரு வருடத்துக்கு வீட்டுக்கு என்ன செலவு, லேப்டாப் எத்தனை வருடம் உழைக்கும், காய்ச்சலில் எத்தனை நாள் போகும், சும்மா நிற்கும் மாதங்கள் எத்தனை என்று எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுது. உண்மையில் காசு வாங்கக்கூடிய மணி நேரம் எத்தனை என்று எண்ணு. வருடச் செலவை அந்த மணியால் வகு. வரும் எண்ணைப் பார்த்தால் உனக்கே வெட்கமாக இருக்கும். அதுதான் சரியான எண்.

எனக்கும் வெட்கமாக இருந்தது. அதனால் அந்த எண்ணை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, மணிக்கு அறுநூறு ரூபாய் என்று செல்லமுத்துவிடம் சொன்னேன்.

செல்லமுத்து, கிணத்துக்கடவு எண்ணெய் மில்லின் முதலாளி. மடிப்புக் கலையாத வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை. கோபப்பட்டு யாரும் பார்த்ததில்லை. லாரி டிரைவரையும் ‘வாங்க போங்க’ என்றுதான் பேசுவார். என் சுபாவம் இப்படி ஊர் ஊராகத் திரிகிறவன் சுபாவம், எங்கேயும் நிலைத்து உட்காராதவன். அவர் முன்னால் உட்கார்ந்தால் எனக்கே கால் ஆடாது. ஒரு தேங்காயை எடுத்து விரலால் சுண்டுவார், காதருகே வைப்பார், உள்ளே பருப்பு இல்லை என்றால் பேச்சை நிறுத்தாமலே அதை மூலையில் போடுவார். நான் லேப்டாப்பில் எதைக் காட்டினாலும் அதே முகத்தோடுதான் பார்ப்பார். ‘முடியாது’ என்ற சொல்லே அவரிடம் கிடையாது. “பாத்துப் பண்ணிக்கலாமுங்க” என்பார். அதற்கு முடியாது என்று அர்த்தம்.

அறுநூறு என்று சொன்னதும் அவர் பேரம் பேசவில்லை. எனக்குப் பெருமையாக இருந்தது. முதல் மாதம் ஐம்பது மணி நேரம் எழுதிக் கொடுத்தேன். நாற்பத்தைந்துக்குக் காசு வந்தது. தவறுதலாக இருக்கும் என்று போய்க் கேட்டேன். அவர் என்னைக் களத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார்.

களத்தில் ஒரு விவசாயியின் லோடு இறங்கிக்கொண்டிருந்தது. இரண்டு ஆட்கள் கைக்கு இரண்டாகத் தேங்காயை எடுத்து வீசி எண்ணிக்கொண்டிருந்தார்கள். நூறு முடிந்ததும் ஒருவன் சத்தமாகச் சொன்னான். உடனே பத்துக் காயைத் தனியாக உருட்டிவிட்டார்கள். அந்தப் பத்து எண்ணிக்கையில் சேராது. அதற்குக் காசும் கிடையாது. அதற்குப் பெயர் லாபக்காய். நூறு விற்க வருகிறவன் நூற்றுப்பத்து கொண்டுவர வேண்டும். யார் வைத்த வழக்கம் என்று யாருக்கும் தெரியாது. கொண்டுவந்த விவசாயியும் அடுத்த நூறை எண்ணத் தொடங்கினார்.

“எல்லாத்துக்கும் அப்படித்தானுங்க ராசு” என்றார் செல்லமுத்து. “காய்க்கு இருக்குது, கொப்பரைக்கு இருக்குது. உங்க மணிக்கு மட்டும் இல்லைன்னா நல்லாவா இருக்கும்?”

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்புக்கு இன்றைக்கும் என்னை நானே அறைந்துகொள்ளலாம்.

அடுத்த மாதம் நான் என்ன செய்தேன் என்று சொல்கிறேன். படித்துவிட்டு என்னைப் புத்திசாலி என்று நினைக்க வேண்டாம். தேங்காய் கொண்டுவருகிறவர்களும் சும்மா இருப்பதில்லை. பருப்பே இல்லாத காய்களை மட்டையோடு லோடுக்கு நடுவில் கலந்துவிடுவார்கள். லாபக்காயாகப் போவதை அப்படி ஈடுகட்டுவார்கள். நானும் அதையே செய்தேன். நாற்பத்தைந்து மணி நேரம் உழைத்தால் ஐம்பது என்று எழுதினேன். அவர் ஐந்தைக் கழித்தார். நாற்பத்தைந்துக்குக் காசு வந்தது. கணக்குச் சரியாகிவிட்டது என்று எனக்குப் பெரிய நிம்மதி. வேறெந்த ஊரிலாவது ஒரு புரோகிராமர் தன் நேரத்தில் பருப்பில்லாத காயைக் கலந்து விற்றிருப்பானா? எனக்குத் தெரியவில்லை. நான் பதினோரு வருடம் விற்றேன். மைத்துனர், தம்பி, சம்பந்தி எல்லோரும் அதே பத்தைக் கழித்தார்கள். எல்லோருக்கும் அதே பத்தைக் கூட்டினேன். உறவு நன்றாக இருந்தது. தீபாவளிக்கு இனிப்புப் பெட்டி வந்தது.

இதற்கு என்ன விலை கொடுத்தேன் என்பது அப்போது உறைக்கவில்லை. எழுதுகிற மணி உண்மையில்லை என்று ஆனபிறகு, ஒரு வேலைக்கு உண்மையில் எவ்வளவு நேரம் ஆனது என்பதே எனக்கு மறந்துபோக ஆரம்பித்தது. மூன்றேகால் ஆனதா, நான்கு ஆனதா? எப்படியும் பொய்தானே எழுதப்போகிறோம் என்று கடிகாரத்தைப் பார்ப்பதையே விட்டுவிட்டேன். அறுநூறை எழுநூறாக்கக் கேட்க ஒவ்வொரு வருடமும் நினைப்பேன். வாய் வராது. கள்ளக்காய் கலக்கிறவனுக்கு விலை ஏற்றிக் கேட்கத் தொண்டை எங்கிருந்து வரும்?

அப்புறம்தான் ரேவதி வந்தாள். போத்தனூரில் எங்கள் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளி வீடு. பெரிய சாஃப்ட்வேர் கம்பெனியில் பத்து வருடம் வேலை பார்த்து, குழந்தை பிறந்தபின் விட்டுவிட்டு, வீட்டிலிருந்தே செய்ய வேலை தேடிக்கொண்டிருந்தாள். அந்தச் சமயம் மில்லுக்கு ஒரு பெரிய வேலை வந்தது. பில்லை அரசாங்க இணையதளத்தில் ஏற்றி எண் வாங்கினால்தான் எண்ணெய் லாரி வெளியே போக முடியும் என்று விதி வந்திருந்தது. பழைய சாஃப்ட்வேரைப் பாதிக்குமேல் மாற்றி எழுத வேண்டும். தனியாக முடியாது என்று கொள்முதல் பக்கத்தை ரேவதியிடம் கொடுத்தேன், விற்பனைப் பக்கத்தை நான் எடுத்துக்கொண்டேன். அவளுக்கும் மணிக்கு அறுநூறு. தனித்தனியாக மணி எழுதிக் கொடுப்பது என்று ஏற்பாடு.

லாபக்காய் விஷயத்தை அவளிடம் சொல்ல மறந்துவிட்டேன் என்று முதலில் எழுதினேன். அடித்துவிட்டேன். மறக்கவில்லை. சொல்ல வெட்கமாக இருந்தது.

முதல் கட்டம் முடிந்ததும் அவள் முப்பத்தெட்டு மணி என்று எழுதிக் கொடுத்தாள். ஒவ்வொரு நாளும் எத்தனை மணிக்கு ஆரம்பித்தாள், எத்தனை மணிக்கு எழுந்தாள், நடுவில் குழந்தைக்குச் சோறு ஊட்ட எழுந்தது எத்தனை நிமிடம் என்று கழித்து எழுதியிருந்தாள். நான் நாற்பத்தாறு எழுதினேன். உண்மையில் நாற்பத்தொன்று. முதலாளி என்னுடையதில் ஐந்து கழித்தார். அவளுடையதில் நான்கு.

அன்றைக்கே போன் வந்தது. “அண்ணா, நாலு மணி நேரம் எங்க போச்சுங்க?” என்று கேட்டாள். நான் களத்துக் கதையைச் சொன்னேன். நூற்றுக்குப் பத்து. அடுத்த முறை நாற்பத்திரண்டு என்று எழுதினால் சரியாகிவிடும், எல்லோரும் அப்படித்தான், இதில் மனசு வருத்தப்பட ஒன்றுமில்லை என்று விளக்கினேன்.

“அப்ப நீங்க எழுதறது எதுவுமே நெசம் இல்லீங்களா?” என்றாள்.

போனை வைத்துவிட்டேன்.

அவள் எனக்குத் தெரியாமல் முதலாளிக்கே எழுதிவிட்டாள். நான்கு வரிதான். “நான் எழுதிய மணி நான் உட்கார்ந்த மணி. அதில் லாபம் எதுவும் சேர்க்கவில்லை. விலை அதிகம் என்றால் விலையைக் குறைக்கச் சொல்லிக் கேளுங்கள், முடியும் அல்லது முடியாது என்று சொல்கிறேன். மணியில் கை வைக்காதீர்கள்.” இதை வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தாள்.

மறுநாள் மதியம் மில்லுக்கு வரச்சொன்னார்கள்.

அவர் மேஜையில் நாங்கள் மணி எழுதிக் கொடுத்த இரண்டு தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, காற்றில் பறக்காமல் இருக்க ஒவ்வொன்றின்மேலும் ஒரு கொப்பரையைக் கவிழ்த்து வைத்திருந்தார். திருடன் என்று சொல்லப்போகிறார் என்று நினைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். பஸ்ஸில் வரும்போதே பதிலையும் தயார் செய்து வைத்திருந்தேன். அவர் அப்படி ஒன்றும் சொல்லவில்லை.

“ஏனுங்க ராசு, நீங்க நம்ம ஆளு. பத்து கூட்டுவீங்க, நான் பத்து எடுப்பேன். பதினோரு வருசமா ஒரு பேச்சு வந்திருக்குதுங்களா?”

அவருக்கு முதல் மாதத்திலிருந்தே தெரியும். என் தந்திரம் என்று நான் நினைத்துக்கொண்டிருந்ததை அவர் ஒரே சுண்டலில் கேட்டுவிட்டிருக்கிறார். கேட்டுவிட்டு மூலையில் போடாமல் வாங்கி வைத்துக்கொண்டார். ஏனென்று கொஞ்சம் யோசித்தால் தெரியும். பொய் எழுதுகிறவன் ஒருநாளும் விலையை ஏற்றிக் கேட்க மாட்டான். அறுநூறில் என்னைப் பதினோரு வருடம் கட்டிப்போட அவருக்கு வேறு கயிறே தேவைப்படவில்லை.

அவருக்குத் தொந்தரவு என் தாள் அல்ல, அவளுடைய தாள்தான். “அந்த அம்மணி எழுதியிருக்கறதைப் பாருங்க. சோறூட்டப் போன நேரத்தைக் கூடக் கழிச்சுப்போட்டிருக்குது. இதுல நான் எதை எடுக்கறது?” என்றார். உண்மையிலேயே கஷ்டப்பட்டுத்தான் கேட்டார். இன்றைக்கு அவளுக்கு விட்டுக்கொடுத்தால் நாளைக்கு மைத்துனர் களத்திலும் மண்டியிலும் இதே பேச்சு வரும். அதனால் நான் அவளிடம் பேச வேண்டும். என்னைப் போலவே எழுதச் சொல்ல வேண்டும். கேட்டால் நல்லது. கேட்காவிட்டால் அந்த நாலு மணி போனது போனதுதான். மிச்ச வேலையை நானே ஒண்டியாகச் செய்துகொள்ளலாம், அவளுக்குப் போகிற காசும் எனக்கே வரும். இவ்வளவும் அடுக்கடுக்காக, ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு ‘ங்க’ போட்டுச் சொன்னார்.

அப்புறம் பேசிவிட்டுச் சொல்கிறேன் என்றேன். “இப்பவே பேசிருங்க, நானும் கேட்டுக்கறேன்” என்றார்.

போனை ஸ்பீக்கரில் போட்டு மேஜையில் வைத்தேன். பயந்துதான் போயிருந்தேன். அவளுக்காக இல்லை. நாலு இடத்து வேலைக்காக. நான் பேசத் தொடங்கினேன். ஊர் வழக்கம், அனுசரணை, போகப்போகப் பழகிவிடும் என்று என்னென்னவோ சொன்னேன். எனக்கே என் குரல் செல்லமுத்துவின் குரல் போலக் கேட்டது. அவள் குறுக்கே பேசவில்லை. நான் மூச்சு விட நிறுத்தியபோது கேட்டாள்.

“அண்ணா, ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. என்ற வேலையை முழுசாப் பாத்தவரு நீங்க ஒருத்தருதான். அது முப்பத்தெட்டு மணி நேர வேலையா, இல்லீங்களா?”

ஆமாம் அல்லது இல்லை என்றுதான் அதற்குப் பதில் சொல்ல முடியும். நான் பெரிய தைரியசாலி இல்லை. அவள் வேறு மாதிரி கேட்டிருந்தால் வழவழவென்று ஏதாவது சொல்லித் தப்பித்திருப்பேன். “முப்பத்தெட்டு மணிதானுங்க” என்றேன். சொன்னதும் இன்னொன்றும் சேர்ந்து வந்துவிட்டது. “என்னுதுதான் நாப்பத்தாறு இல்லை. நாப்பத்தொண்ணு.”

செல்லமுத்து போனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். இரண்டு கொப்பரையையும் எடுத்துத் தாள்களை மடித்தார். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. பொய் எழுதியபோது என்னை நம்ம ஆள் என்றவர், உண்மையைச் சொன்ன அந்த நிமிடத்தில் என்னை வேறு ஆளாக்கிவிட்டார்.

“பாத்துப் பண்ணிக்கலாமுங்க” என்றார். “காப்பி குடிச்சுட்டுப் போங்க.”

குடித்துவிட்டுத்தான் வந்தேன். குடிக்காமல் எழுந்தால் மரியாதைக் குறைவு ஆகிவிடுமாம். அந்த நேரத்திலும் எனக்கு அந்தப் புத்தி.

பஸ் போத்தனூர் வந்து சேர்வதற்குள் மைத்துனரிடமிருந்து மெசேஜ் வந்துவிட்டது. அடுத்த வாரம் வரவேண்டியதில்லை, அப்புறம் சொல்கிறோம். வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் நார் மில். சம்பந்தி மட்டும் போன் செய்தே சொன்னார், கூடவே உடம்பு எப்படியிருக்கிறது என்றும் கேட்டார். என் மனைவி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, நாளைக்கு ரேஷனுக்குப் போகணும், பையைக் கிழிந்த இடத்தில் தைத்துக் கொடுங்கள் என்றாள். தைத்துக் கொடுத்தேன். நான் வேலையிழந்து அவள் பார்ப்பது அது ஏழாவது தடவையோ எட்டாவது தடவையோ.

காலையில் பல் விளக்கிக்கொண்டிருந்தபோது ரேவதி கூப்பிட்டாள். திட்டப்போகிறாள் என்று நினைத்தேன். அவளுக்குத் திட்ட நேரமில்லை. முந்தின நாள் சாயங்காலமே மில்லிலிருந்து அவளுக்குப் போன் வந்திருக்கிறது. இரண்டு லோடு எண்ணெய் லாரியில் ஏறி நிற்கிறது. பில் ஏறவில்லை. பில் இல்லாமல் லாரி கேட்டைத் தாண்டாது. என்னைக் கூப்பிட முதலாளிக்கு வாய் வரவில்லை, அதனால் அவளைக் கூப்பிட்டார். அவள் மணிக்கு ஆயிரத்து நானூறு என்று சொல்லியிருக்கிறாள். எழுதுகிற மணியில் ஒரு நிமிடம்கூட யாரும் எடுக்கக் கூடாது, அந்த நாலு மணிக்கும் முதலில் காசு போட வேண்டும் என்றும் சொல்லியிருக்கிறாள்.

“என்ன சொன்னாரு?” என்று கேட்டேன்.

“பாத்துப் பண்ணிக்கலாமுங்கன்னாரு. அப்ப லாரி நிக்கட்டுமுங்கன்னு வெச்சுட்டேன். பத்து நிமிசங் கழிச்சு நாலு மணி காசு வந்துருச்சு, ஆயிரத்து நானூறுக்கும் சரின்னுட்டாருங்க.”

பதினோரு வருடமாக நான் கேட்கப் பயந்த எண்ணுக்குமேல், அந்த மனிதர் பத்து நிமிடத்தில் கொடுத்திருக்கிறார். சிலேட்டில் மெஷினுக்கு விலை எழுதிய பட்டறைக்காரர், களத்தில் காயை உருட்டியவர், எல்லோருக்கும் நியாயமான விலை என்னவென்று நன்றாகத் தெரியும். தெரியாத மாதிரி இருந்தால் போதும், மிச்சத்தை நாமே செய்துகொள்வோம் என்பதும் தெரியும். நாம் என்று ஏன் சொல்கிறேன்? நான்.

விற்பனைப் பக்கம் நான் எழுதியது அவளுக்குப் புரியவில்லை. நான் உட்கார்ந்தால் ஒரு நாள் வேலை, அவள் தனியாக உட்கார்ந்தால் நான்கு நாள். அதனால் அவளுக்குக் கீழே வேலை செய்ய வரமுடியுமா, மணிக்கு எவ்வளவு வேண்டும் என்று கேட்டாள்.

“ஆயிரம்” என்றேன்.

“அதுல எவ்வளவு நான் குறைப்பேன்னு கூட்டி வெச்சீங்கண்ணா?”

வாயில் பற்பசை நுரையோடு நின்றேன். பொய் சொல்லலாம்தான். இவளிடம் அது நிற்காது.

“நூத்தம்பது” என்றேன்.

“அப்ப எண்ணூத்தம்பது.”

“ஆமாங்க அம்மணி. எண்ணூத்தம்பதுதான் என்ற விலை.”

“சரிங்கண்ணா. எப்ப உக்காரறீங்க?”

வாயைக் கொப்பளித்துவிட்டு வந்து லேப்டாப்பைத் திறந்தேன். புது நோட்டு ஒன்றை எடுத்து முதல் பக்கத்தில் தேதியைப் போட்டேன். நேரம் என்ற இடத்தில் ஏழு என்று எழுதக் கை போனது. நிமிர்ந்து சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். ஏழு பதினெட்டு. அதையே எழுதினேன்.